திக்க வேண்டிய இடங்கள்

குடிநீர் வாரியத்தின் குறை கேட்கும் கூடத்தில், குறையைக் கேட்பதற்கு முன்னால் ஒரு வரவேற்புரை உண்டு. யார் போன் செய்தாலும் அவர்கள் வாயைத் திறப்பதற்குள் வாரியம் தன் வாயைத் திறந்துவிட வேண்டும் என்பது விதி.

"வணக்கம். பொன்னான நேரத்தை ஒதுக்கி எங்களை அழைத்த தங்களை, வாரியத் தலைவர், உறுப்பினர்கள், பொறியாளர்கள் மற்றும் அனைத்துப் பணியாளர்களின் சார்பில் வருக வருக என வரவேற்கிறோம். தண்ணீர் விலைமதிப்பற்றது. அதனினும் விலைமதிப்பற்றது தங்கள் குறை..."

இப்படித் தொடங்கும் அது, குழாயில் தண்ணீர் எப்படி வர வேண்டுமோ அப்படி, தடையே இல்லாமல் வந்துகொண்டிருக்கும். நடுவில் தலைவர் வாங்கிய பட்டங்கள் வரும். அடுத்து, வாரியம் கடந்து வந்த பாதை வரும். அந்தப் பாதையில் பாதி தூரம் போவதற்குள் அழைத்தவர்களில் பெரும்பாலோர் போனை வைத்துவிடுவார்கள். அப்படி வைத்தவர்கள் எல்லோரும் 'மனநிறைவுடன் விடைபெற்றோர்' என்ற கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். அந்த வகையில் நகரமே மனநிறைவில் மிதந்தது.

வரவேற்புரையைக் கூடத்தில் எல்லோரையும்விட அழகாகச் சொல்பவன் வெண்கலம். அவன் குரலுக்காக வந்த பெயர் அது. வெண்கலக் கடையில் யானை புகுந்த சத்தம் என்பார்களே, அதுவல்ல. யானை புகுவதற்குச் சற்று முன் அந்தக் கடை எவ்வளவு அமைதியாக ரீங்கரித்திருக்குமோ, அந்த ஒலி. அவன் பேசினால் மட்டும் சிலர் கடைசிவரை கேட்டுவிட்டு, எதற்காக போன் செய்தோம் என்பதையே மறந்துபோய் வைத்துவிடுவார்கள்.

அவனுக்கு ஒரு கனவு இருந்தது. இணைப்புக் கிடைக்கும்வரை போனில் ஒரு பெண் குரல் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரலின் சொந்தக்காரி எப்போதோ ஓய்வுபெற்றுப் போய்விட்டாள். குரலுக்கு மட்டும் ஓய்வு கிடைக்கவில்லை. தேய்ந்து, சளி பிடித்து, இன்னும் ஊரைக் காக்க வைத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் தன் குரல் ஒலிக்க வேண்டும். அதற்குத் தலைமை அலுவலகத்தில் 'பதிவுக் குரல்' என்று ஒரு நிரந்தரப் பதவி உண்டு. கதவு வைத்த தனி அறையும் உண்டு. வெண்கலம் தற்காலிகப் பணியாளன். கதவுள்ள அறையை அவன் கனவில் அடிக்கடி திறந்து மூடியிருக்கிறான்.

அவனுக்கு அடுத்த நாற்காலி தவணையுடையது. திக்குவாய்க்காரன், சொற்கள் தவணை முறையில் வருவதால் அந்தப் பெயர். அவனுக்கு அதில் வருத்தம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. அலுவலகத்துக்குள்ளிருந்து யாராவது கூப்பிட்டால், "த... தவணை பேசுறேன். மீ... மீதி அடுத்த மாசம்" என்பான். அவனால் பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான். அவன் ஒரு சொல்லில் நிற்கும்போது எதிரில் இருப்பவர் அதைத் தாமே சொல்லி முடித்துவிடுவது. "என் வா... வாயில இருக்கிறத ஏன் பு... பு... புடுங்குறீங்க?" என்று கேட்டுவிட்டு, அந்தச் சொல்லை முதலிலிருந்து மறுபடியும் சொல்வான். சொல் நிற்கும்போது மேசைக்கு அடியில் அவனுடைய இடது கை விரல்கள் தொடையில் மெல்லத் தட்டும். பூட்டிய கதவை உள்ளேயிருந்து ஒருவன் தட்டுவது போல இருக்கும். அது பக்கத்து நாற்காலிக்காரனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

பக்கத்து நாற்காலிக்காரனுக்குத் தெரிந்த இன்னொரு விஷயமும் உண்டு. வெண்கலத்திடம் பேசும்போது தவணை திக்கமாட்டான். ஒரு சொல்லில்கூட. ஏன் என்று இருவரும் பேசிக்கொண்டதில்லை. தினமும் முற்பகலில் தவணை எழுந்து, "வாடா வெண்கலம், தொண்டையைக் கழுவிட்டு வரலாம்" என்று வழுக்கிக்கொண்டு சொல்வான். இருவரும் தேநீர் குடிக்கப் போவார்கள். போகிற வழியெல்லாம் தவணைதான் பேசுவான். சில நாள் வெண்கலத்துக்கு ஒரு வார்த்தை நுழைக்க இடம் கிடைக்காது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் 'வணக்கம்' என்ற சொல்லின் வாசலிலேயே தவணை நின்றுவிட்டான். அந்தப் பக்கம் இருந்த பெண்மணி லைன் கெட்டுவிட்டது என்று தொலைபேசி நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டாள். அதிலிருந்து மனிதாபிமான அடிப்படையில் அவனுக்கு மட்டும் வரவேற்புரையிலிருந்து விலக்கு. ஆகவே அவன் போனை எடுத்ததும் "சொ... சொல்லுங்க" என்பான். அவர்கள் சொல்வார்கள். வாரியத்தின் வரலாற்றில் அது புதுமை.

பிறகு அவன் ஒரே ஒரு கேள்வி கேட்பான். "அடுத்த வீட்டுல வருதா?" உயிரெழுத்தில் தொடங்கினால் அவனுக்குச் சுலபம், சேற்றுத் தெருவில் கல் பார்த்துக் கால் வைப்பவனைப் போல அப்படி ஒரு சொல்லாகப் பார்த்துத்தான் கேள்வியைத் தொடங்கியிருந்தான். அடுத்த வீட்டில் வருகிறது என்றால் கோளாறு வீட்டுக் குழாயில். வரவில்லை என்றால் தெருவில். குழாய் மேஸ்திரிகள் தெரு தெருவாக அலைவது அந்த ஒரு கேள்வியால் நின்றது. கடைசியில் "ந... நன்றிங்க" என்று வைப்பான். எல்லோருக்கும் அதே நன்றிங்க.

ஒரு நாள் பெரிய குழாய் ஒன்று பூமிக்கடியில் எங்கோ உடைந்து பாதி நகரம் வறண்டது. பொறியாளர்கள் வரைபடத்தை விரித்து வைத்து மூன்று சாலைகளைத் தோண்டினார்கள். மூன்று நல்ல குழாய்கள் கிடைத்தன. தவணை மட்டும் வந்த அழைப்புகளை எல்லாம் அடுத்த வீடு, அடுத்த வீடு என்று கேட்டுக் கேட்டு நகர்ந்து, ஒரு மருந்துக் கடைக்கும் ஒரு தையல் கடைக்கும் நடுவில் வந்து நின்றான். இந்தக் கடையில் வருகிறது. அந்தக் கடையில் இல்லை. மேஸ்திரிகள் அங்கே தோண்டினார்கள். பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் தண்ணீர் வந்தது. சேற்றுக் காலோடு மேஸ்திரிகள் கூடத்துக்கே ஏறிவந்து தவணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். துப்புரவுப் பணியாளர் திட்டிக்கொண்டே தரையைத் துடைத்தார்.

இப்படித்தான் வாரியத்தின் காதுக்கு விஷயம் போனது. தவணை எடுக்கும் அழைப்புகளில் குறைகள் தீர்ந்துவிடுகின்றன என்பதை வாரியம் கவலையோடு கவனித்தது. காரணம் ஆராயப்பட்டது. வரவேற்புரை இல்லாததுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் தற்காலிகப் பணியாளர்கள். உடற்குறை உள்ளவர்களுக்கு இயற்கையிலேயே அபாரப் பொறுமை அமைந்திருக்கிறது என்று முடிவானது. 'தடை தாண்டியோர் விருது' என்று ஒன்று உருவாக்கப்பட்டு, முதல் விருது தவணைக்கு அறிவிக்கப்பட்டது.

நல அலுவலர் அம்மையார் கூடத்துக்கு வந்தார். எப்போதும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, இழவு வீட்டுக்கு வந்தவர் போலப் பேசுவார்.

"ஏற்புரை எழுதியிருக்கீங்களாமே, குடுங்க பார்க்கலாம்."

தவணை கொடுத்தான். ஒரு பக்கம்கூட இல்லை. அடுத்த வீட்டுக் கேள்வியைப் பற்றியும், குழாய் உடைந்த நாளைப் பற்றியும், வரவேற்புரையை எல்லோருக்கும் எடுத்துவிட்டால் இன்னும் நிறையக் குறை தீரும் என்பது பற்றியும் எழுதியிருந்தான்.

அம்மையார் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "சார், இதுல நீங்க எங்கேயுமே கஷ்டப்படலையே?"

"கு... குழாய்தான் மேடம் க... கஷ்டப்பட்டுச்சு."

"அதில்ல. சின்ன வயசுல. பள்ளிக்கூடத்துல பசங்க கேலி பண்ணியிருப்பாங்களே?"

"ப... பண்ணாங்க."

அம்மையாரின் முகம் மலர்ந்தது.

"நா... நானும் பண்ணேன். ஒருத்தனுக்குக் கா... காது ரொம்பப் பெருசு."

முகம் மூடிக்கொண்டது. "சரி, பரவாயில்ல, அதை நாங்க பார்த்துக்கறோம். இன்னொரு விஷயம். தப்பா நினைக்காதீங்க. மேடையில உங்களுக்கு நாலு நிமிஷம். தலைவர் அதுக்கப்புறம் வேற கூட்டத்துக்குப் போகணும். அதனால உங்களுக்குக் குரல் துணை ஏற்பாடு பண்றோம். உங்களுக்குப் பதிலா, உங்களா நின்னு, வேற ஒருத்தர் பேசுவார்." சாய்ந்த தலை வெண்கலத்தின் பக்கம் திரும்பியது. "நல்ல குரலா."

அவர் போனதும் தவணை சிரித்தான். "பாருடா, வாய் உன்னுது, வார்த்தை என்னுது. வாடகை என்ன தருவே?"

"நீ வேண்டாம்னா நான் மாட்டேன்னு சொல்லிடுறேன்டா."

"நீ பேசுனா நல்லாத்தான் இருக்கும். வேற எவனாவது பேசுனாத்தான் எனக்குக் கூச்சமா இருக்கும்." அவன் காகிதத்தை நீட்டினான். "ஆனா ஒண்ணு. நான் எழுதினதை மட்டும் படி. ஒரு வார்த்தை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அந்த வரவேற்புரை விஷயத்தை விட்டுடாதே. எல்லாரும் உக்காந்திருக்கிற நேரம். சொன்னா காதுல விழும்."

"சத்தியமா."

"சத்தியம் எல்லாம் எதுக்கு. டீ வாங்கிக் குடு, போதும்."

ஒத்திகை விழா அரங்கில் நடந்தது. விருதாளருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று அவனை அழைக்கவில்லை. வெண்கலம் மேடையில் ஏறி, தவணை எழுதியதை எழுதியபடியே படித்தான். நன்றாகத்தான் இருந்தது. காலி நாற்காலிகள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தது போல அவனுக்குத் தோன்றியது.

வாரியத் தலைவர் முன்வரிசையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். திறந்ததும், "நெஞ்சைத் தொடலையே" என்றார்.

"மாத்திடலாம் சார்," என்று அம்மையார் வேறொரு காகிதத்தை எடுத்தார். அது முன்பே தயாராக இருந்தது. அதில் அழுகின்ற ஒரு தாய் இருந்தாள். கேலி செய்யும் பிள்ளைகள் இருந்தார்கள். இருட்டறை ஒன்று இருந்தது. அந்த அறைக்குள் ஒரு விளக்கைப் போலத் தலைவர் நுழைந்தார்.

வெண்கலம் புரட்டிப் பார்த்தான். "சார், குழாய் உடைஞ்ச நாள் இதுல இல்லையே?"

"அதைச் சொன்னா குழாய் உடைஞ்சது வெளிய தெரிஞ்சிடாதா?" என்றார் தலைவர் அன்பாக.

"அடுத்த வீட்டுக் கேள்வி..."

"நேரம் இல்ல தம்பி."

"சார், அவன் எழுதினதை மட்டும் படிக்கிறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"குடுங்க, குடுங்க. வாக்குக் குடுக்கறது நல்ல பழக்கம். நாங்களும் நிறையக் குடுத்திருக்கோம்." தலைவர் எழுந்து மேடையருகே வந்தார். "ஆனா எனக்கு உறுத்துறது வேற. நீங்க யாரா நின்னு பேசுறீங்க?"

"விருதாளரா சார்."

"விருதாளர் இப்படியா பேசுவாரு? கணீர்னு, மணி அடிச்ச மாதிரி? 'நான் திக்குவாயாப் பொறந்தேன்'னு ஒருத்தர் திக்காம சொன்னா அது பொய் இல்லையா? வாரியத்தோட வரலாத்துல பொய்க்கு இடமே கொடுத்ததில்ல. நீங்க திக்கித்தான் பேசணும்."

வெண்கலத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது மடல் சூடானது. "சார், அவன் முன்னாலயே உக்காந்திருப்பானே..."

"அதனாலதான் சொல்றேன். அவரை அவமதிக்கக் கூடாது பாருங்க."

அம்மையார் சிவப்பு மையால் அடிக்கோடு போடத் தொடங்கினார். "சார், 'அம்மா'ல ஒண்ணு வைக்கலாமா?"

"வைங்க. நல்லா இழுத்து."

"'கேலி'ல ஒண்ணு. 'கண்ணீர்'ல ரெண்டு. 'வாரியம்'ல?"

"ஐயையோ. வாரியத்துல திக்கினா நிர்வாகத்துல ஏதோ அடைப்புன்னு ஆயிடும்."

"'தலைவர்'ல சார்?"

"தலைவர்ல எப்படிங்க திக்கறது?" தலைவருக்கே குரல் கம்மியது. "அந்த இடத்துல சரளமா வரணும். அதுவரைக்கும் திக்கிட்டு வந்தவர், தலைவர்னு சொன்னதும் திக்கல் நின்னுடுது. அதுதானே விஷயமே."

புறப்படும்போது அவர் வெண்கலத்தின் தோளில் கை வைத்தார். "உங்க குரல் அந்தக் கூடத்துல இருக்க வேண்டிய குரல் இல்ல தம்பி. அந்தக் காத்திருக்கச் சொல்ற அம்மா இன்னும் எத்தனை நாளைக்குத் தும்மிக்கிட்டே இருப்பாங்க? விழா முடியட்டும்."

கதவுள்ள அறை திறந்தது. வெண்கலம் உள்ளே போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நிலைப்படியில் நின்றுகொண்டான். அப்படி நிற்பவர்கள்தான் உலகத்தில் அதிகம் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். அது ஆறுதலாக இருந்ததால் இன்னும் வெட்கமாக இருந்தது.

வீட்டில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று அவன் பழகினான். கதவை யாரோ தட்டினார்கள்.

"என்னங்க, உள்ள யார நக்கல் பண்ணிட்டிருக்கீங்க?" மனைவியின் குரல்.

"நக்கல் இல்ல. விழாவுக்கு. தவணையா நின்னு பேசணும்."

"அந்த அண்ணன் நம்ம வீட்டுக்கு வந்தா வாய் ஓயாம பேசுவாரே. ஒரு நாளும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லையே."

"அது நம்மகிட்ட. வெளிய வேற மாதிரி."

"அப்ப அவர் திக்காம பேசுற இடமா நம்ம வீடாவது மிஞ்சணும்ல?" என்றாள். "வேற யார்கிட்டயும் அவருக்கு அந்த வசதி இல்லையே."

அவன் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் வரவில்லை. காற்று மட்டும் திக்கித் திக்கி வந்தது.

மறுநாள் தேநீர்க் கடையில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான். தவணை அன்றைக்கு ஏக உற்சாகத்தில் இருந்தான். புதுச்சட்டை வாங்கியிருந்தான். அவன் மனைவி ஒரு படி மேலே போய், விழாவுக்கென்று பக்கத்து வீட்டாரிடம் கைப்பை கடன் வாங்கியிருந்தாள்.

"அவ என்ன சொல்றா தெரியுமா? 'உங்க பேச்சை முழுசா ஒரே மூச்சுல கேக்கப்போறேன், அதுவும் உங்க சிநேகிதர் குரல்ல'ன்னு. உன் குரல் மேல எனக்கே பொறாமைடா. ஆமா, ஒத்திகை எப்படி?"

"நல்லா போச்சு."

"எதாவது மாத்தினாங்களா?"

கோப்பையில் ஆடை படிந்திருந்தது. வெண்கலம் அதை ஊதி ஓரம் தள்ளினான். "சின்னச் சின்ன மாத்தம்தான்."

"எழுத்துப் பிழையா?"

"ம்."

"எனக்கு அது எப்பவுமே வரும்," என்று தவணை சந்தோஷமாகச் சொன்னான்.

விழா நாளில் மேடை நிரம்பி வழிந்தது. விருது வாங்குகிறவனைத் தவிர எல்லோருக்கும் மேடையில் நாற்காலி இருந்தது. தவணையும் அவன் மனைவியும் முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டார்கள். மேடையிலிருந்து பார்த்தால் அவன் முகம் தெரிய வேண்டும் என்பதற்காக அவனுக்கு மேலே ஒரு விளக்கு பொருத்தியிருந்தார்கள்.

தலைவர் பேசினார். "திக்குவாய் ஒரு குறையே அல்ல. இந்த வாரியத்தில் யாருக்குத்தான் திக்கவில்லை? ஒரு கோப்பு என் மேசைக்கு வந்து கையெழுத்தாக எத்தனை மாதம் திக்குகிறது! அதற்காக யாராவது என்னைக் குறை சொல்லியிருக்கிறீர்களா? அதே பரிவை நாம் இவரிடமும் காட்ட வேண்டும்." பலத்த கைதட்டல். "இவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன், கடவுளே, எனக்கு எவ்வளவு நல்ல வாயைக் கொடுத்திருக்கிறாய் என்று." அதற்கு இன்னும் பலத்த கைதட்டல்.

பிறகு குரல் துணை அழைக்கப்பட்டான்.

வெண்கலத்தின் சட்டைப் பையில் தவணை எழுதியது இருந்தது. கையில் அம்மையார் அடிக்கோடிட்டது இருந்தது. மைக் முன் நின்றபோது, பையில் இருப்பதை எடுத்துவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தான். கை பாதி தூரம் போனது. தலைவர் அவனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். கை, சட்டையில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தது.

"நான் பிறந்தபோது என் அ... அ... அ... அம்மா..."

அரங்கம் ஒரு கணத்தில் அடங்கியது. எங்கோ ஒரு மூக்கு உறிஞ்சியது.

வெண்கலம் தன் வாழ்நாளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறான். யாரும் இப்படிக் கேட்டதில்லை. அத்தனை பேரின் மூச்சும் தன் தொண்டையில் கட்டப்பட்ட ஒரு நூலில் தொங்குவதை அவன் உணர்ந்தான். இழுத்தால் வந்தார்கள், விட்டால் விழுந்தார்கள். 'கேலி'யில் இழுத்தான். 'கண்ணீர்' வந்தபோது முன்வரிசையில் ஒரு பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். சிவப்புக் கோடு முடிந்துபோன இடங்களிலும் அவன் திக்கினான். யாரும் கேட்காத இடங்களில் கொடுத்தான். நன்றாக வந்தது. வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்ன, மறுபக்கம் அவனுக்குள் இருந்த கலைஞன் சாவகாசமாக மீசையை முறுக்கிக்கொண்டிருந்தான்.

'இருட்டறை' என்ற சொல்லில் அவன் கண்ணை மூடி நின்றபோது, அவனுடைய இடது கை தானாகவே கீழே இறங்கி, விரல்கள் தொடையில் மெல்லத் தட்டின.

கண்ணைத் திறந்தான். விளக்குக்குக் கீழே தவணை உட்கார்ந்திருந்தான். அதுவரை ஏதோ வேடிக்கையைப் பார்ப்பது போல ஒரு கோணல் சிரிப்போடுதான் இருந்தான். இப்போது அவன் வெண்கலத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து, தன் மடியில் இருந்த இடது கையை, அது யாருடையது என்று விசாரிப்பது போலப் பார்த்தான்.

"...அப்போதுதான் எங்கள் மாண்புமிகு தலைவர் என் வாழ்வில் விளக்கேற்றினார்" என்று வெண்கலம் சரளமாக முடித்தான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

தவணை மேடைக்கு அழைக்கப்பட்டு, வெள்ளியில் செய்த ஒரு மைக் பரிசாகக் கொடுக்கப்பட்டது. அதில் பேசினால் கேட்காது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குழாய் மேஸ்திரி, "அவரை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கய்யா!" என்று கத்தினார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அதான் அவர் இப்ப பேசிட்டாரே!"

வாசலில் தவணையின் மனைவி கடன் வாங்கிய கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வெண்கலம் ஒதுங்கிப் போகப் பார்த்தான். வழி அவ்வளவு அகலமாக இல்லை.

"நல்லாப் பேசுனீங்கண்ணா," என்றாள். "அவர்கூட இவ்வளவு நல்லாத் திக்கமாட்டாரு."

அவள் கேலியாகச் சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவள் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அவர் எங்க?"

"போட்டோ எடுக்கறாங்க. கொஞ்சம் சோகமா இருக்கச் சொல்லிட்டிருக்காங்க."

அடுத்த வேலை நாளில் அம்மையார் கூடத்துக்கு இரண்டு உத்தரவுகளோடு வந்தார். தலை வழக்கத்தைவிட அதிகமாகச் சாய்ந்திருந்தது.

முதல் உத்தரவு தவணைக்கு. விருதாளர் தன் தடையைத் தாண்டிவிட்டதாக வாரியமே பொதுமேடையில் அறிவித்துவிட்டபடியால், அந்தத் தடையின் பேரில் கொடுக்கப்பட்டிருந்த விலக்கு இனிப் பொருந்தாது. இன்று முதல் அவரும் எல்லோரையும்போல முழு வரவேற்புரை சொல்ல வேண்டும்.

"தாண்டினதுக்கப்புறமும் சலுகை குடுத்தா அது உங்களுக்குத்தானே சார் அவமானம்?" என்றார் அம்மையார்.

இரண்டாவது வெண்கலத்துக்கு. அவன் பதிவுக் குரலாக நியமிக்கப்படுகிறான். நிரந்தரம். தனி அறை. ஒரே ஒரு நிபந்தனை: "அன்னைக்கு மேடையில பேசின மாதிரியே பதிவு பண்ணணுமாம். 'கா... காத்திருக்கவும்'னு. ஜனங்க அப்படியே உருகி உக்காந்திருந்தாங்களே, போன்லயும் அப்படி உருகினா எவ்வளவு நேரம் வேணும்னாலும் காத்திருப்பாங்கன்னு தலைவர் நினைக்கிறார்."

அவர் போய்விட்டார். போன்கள் ஒலித்துக்கொண்டிருந்தன. தவணை தன் முன்னால் ஒட்டப்பட்ட வரவேற்புரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதன் முதல் சொல் 'வணக்கம்'.

"நான் போகலடா," என்றான் வெண்கலம். வெண்கலக் குரல் கீறலாக வந்தது. "அந்த வேலை எனக்கு வேண்டாம். எழுதிக் குடுத்துடுறேன். அன்னைக்கு... உன் காகிதம் என் பையிலதான் இருந்துச்சு. எடுக்கத்தான் நினைச்சேன். சத்தியமா நினைச்சேன்."

தவணையின் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அதன் காலில் விழுந்திருக்கலாம். அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். முற்பகல். வழக்கமான நேரம். வழக்கம்போல நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தான். வெண்கலத்துக்கு உயிர் வந்தது. அவனும் எழுந்தான்.

"வா..." என்றான் தவணை.

வெண்கலம் காத்திருந்தான்.

"வா... வா..."

தவணையின் முகத்தில் முதலில் தெரிந்தது ஆச்சரியம். வருடக்கணக்காக நடந்த வழியில் திடீரென்று ஒரு சுவர் இருப்பதைக் கண்டவனின் ஆச்சரியம். அவனுடைய இடது கை தொடைக்குப் போனது. விரல்கள் தட்டத் தொடங்கின. உடனே அவன் குனிந்து அதைப் பார்த்தான். எதிரில் நிற்பவன் அதைப் பார்ப்பதையும் பார்த்தான். கையை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"வா... வா... வ..."

தட்டக் கை இல்லாமல் அந்தச் சொல் கதவுக்கு உள்ளேயே நின்றது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கூடத்தில் இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். காத்திருந்தால் வந்திருக்கும். எத்தனையோ பேர் அவசரப்பட்டபோது, "அவனே சொல்லுவான், கொஞ்சம் சும்மா இருங்கய்யா" என்று அதட்டியவன் வெண்கலம்தான். ஆனால் அன்று அவனால் அந்த முகத்தை ஒரு நொடிகூடப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"வாடா வெண்கலம், தொண்டையைக் கழுவிட்டு வரலாம்," என்று வெண்கலமே சொல்லி முடித்தான். குரல் கணீரென்று இருந்தது.

தவணை வாயை மூடிக்கொண்டான். பிடுங்கியதைத் திருப்பிக் கேட்கவில்லை. சொல்லை முதலிலிருந்து தொடங்கவும் இல்லை. போனுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, முகம் தெரியாத, இனி ஒருபோதும் பார்க்கப் போகாத யாரோ ஒருவரிடம் சொல்வது போல, பணிவாகத் தலையை அசைத்தான்.

"ந... நன்றிங்க," என்றான். பிறகு உட்கார்ந்து, ஒலித்துக்கொண்டிருந்த போனை எடுத்து, வணக்கத்தின் வாசலில் போய் நின்றான்.